பேசும் யானைக்குட்டியும் நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளும்: பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்களாகவும் உறுப்பினர்களாகவும் பொறுப்பேற்றிருக்கும் பெற்றோர்களுக்கும், தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நவம்பர் 14 நெருங்குகிறது. குழந்தைகள் தினத்தன்று காலையில் மாறுவேடப் போட்டி நடத்தி, இனிப்பு கொடுத்து, பிற்பகலில் ஒரு படம் போட்டுக் காட்டுவது நம் பள்ளிகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. எந்தப் படம் என்ற பேச்சு வரும்போது யாராவது ஒருவர், "விலங்குகள் பேசுகிற காமெடிப் படம் ஒன்று இருக்கிறது, தமிழிலேயே இருக்கிறது, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்பார். எல்லோரும் தலையாட்டுவோம். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அது அங்கே முடியக் கூடாது என்று உங்களிடம் கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடலை எழுதுகிறேன். யானை பேசினாலும் நாய் பாடினாலும் அந்தப் படம் எந்த வயதுப் பிள்ளைக்கு ஏற்றது என்பது அதனால் தெரிந்துவிடாது. யாராவது ஒருவர் முன்கூட்டியே முழுப் படத்தையும் பார்த்து எடைபோட்டால்தான் தெரியும்.

நான் பென்னாகரம் வட்டத்தில் காட்டை ஒட்டிய ஒரு ஊரில், பதினெட்டு ஆண்டுகளாக ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்திவரும் இடைநிலை ஆசிரியை. 2023ஆம் ஆண்டு குழந்தைகள் தினத்தன்று எங்கள் பள்ளியில் அப்படி ஒரு படத்தைப் போட்டோம். பெற்றோர் ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்தார். ப்ரொஜெக்டரை வாடகைக்கு எடுத்து, சுவரில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, ஜன்னல்களைச் சாத்தி, ஐம்பத்தேழு பிள்ளைகளையும் வரிசையாக உட்கார வைத்தோம். படத்தை நான் முன்னதாகப் பார்க்கவில்லை. உறையில் யானைக்குட்டி ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. அது போதும் என்று எண்ணிச் சம்மதம் சொன்னவள் நான்தான். படத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த ஒரு படத்தைத் தள்ளிவைப்பதால் மட்டும் நம் சிக்கல் தீர்ந்துவிடாது, அதே அமைப்பில் இன்னும் எத்தனையோ படங்கள் இருக்கின்றன என்பதே காரணம்.

கதை இதுதான். யானைக்குட்டியின் தாய் வேட்டைக்காரர்கள் தோண்டிய குழியில் விழுந்து இறக்கிறது. தனித்துவிடப்பட்ட குட்டிக்கு, இரண்டு காலில் நடக்கும் கரடி ஒன்றும், வாயாடி நாய் ஒன்றும், திக்கித் திக்கிப் பேசும் ஆந்தை ஒன்றும் துணையாகச் சேர்கின்றன. பிறகு ஒன்றரை மணி நேரமும் ஓட்டமும் விழுதலும் சிரிப்பும்தான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து மிக்சர் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் வகுப்பில் அப்போது ஒரு சிறுமி இருந்தாள். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை. பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும்தான் ஊருக்கு வருவார்கள். அவள் பாட்டியிடம் வளர்கிறாள். நம் இரண்டு மாவட்டங்களிலும் இப்படிப் பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் இல்லாத வகுப்பறை அநேகமாக இராது. படம் முடிந்து விளக்கைப் போட்டபோது, காலையில் கொடுத்த லட்டு அவள் கையிலேயே இருந்ததைப் பார்த்தேன். தின்னாமல் இறுக்கிப் பிடித்ததில் அது நசுங்கி, காகிதத்தைத் தாண்டி நெய் பாவாடையில் ஊறியிருந்தது. அவள் அழவில்லை, அதனால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை வழிபாட்டுக்கு முன்பே என் மேசைக்கு வந்து நின்று, "டீச்சர், அந்தக் குட்டியோட அம்மா எப்ப வரும்?" என்று கேட்டாள். படந்தான் முடிந்துவிட்டதே என்றேன். "முடிஞ்சிருச்சு, ஆனா அம்மா வரலையே" என்றாள். பக்கத்தில் நின்ற பையன், "மாரண்டஅள்ளியிலகூட வரலை" என்றான்.

அவன் சொன்னது எதை என்பது உங்களுக்குத் தெரியும். 2023 மார்ச் மாதத்தில் பாலக்கோடு வட்டம் மாரண்டஅள்ளி அருகே, சட்டத்துக்குப் புறம்பாகப் போடப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்ததைக் கைப்பேசியில் பார்க்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. சென்னையிலோ மும்பையிலோ இருந்துகொண்டு ஒரு படத்துக்கு வசனம் எழுதுபவருக்கு, தாய் யானையின் சாவு என்பது கதையைத் தொடங்கிவைக்கும் நான்கு நிமிடக் காட்சி. எங்கள் வகுப்பறையில் அது நடந்த செய்தி. அந்தச் சிறுமி அந்த நான்கு நிமிடத்திலேயே நின்றுவிட்டாள். மற்றவர்கள் சிரித்த ஒன்றரை மணி நேரமும் அவள் குட்டியின் தாய்க்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏழு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை கண்முன் தெரிவதைத்தான் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். 'இது கதையை நகர்த்துவதற்காக வைத்த காட்சி, பின்னால் எல்லாம் சரியாகிவிடும்' என்று தூரத்தில் நின்று பார்க்கும் பக்குவம் அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல வருகிறது. பெரியவர்களாகிய நாம் மறந்துவிட்ட முதல் காட்சிதான் அவளுக்கு முழுப் படமும்.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பில் ஒரு பையனுக்குப் பேச்சு திக்கும். வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில், தொடக்க நிலையான அரும்பிலிருந்து அடுத்த நிலையான மொட்டுக்கு அந்தப் பருவத்தில்தான் வந்திருந்தான். எழுந்து நின்று வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியிருந்தான். படம் பார்த்த மறுநாளிலிருந்து அவன் பெயர் ஆந்தை. நான் அதட்டினேன், என் காதில் விழும்படி சொல்வதை மட்டும் நிறுத்தினார்கள். அதன்பின் இரண்டு வாரம், எல்லோரும் சேர்ந்து படிக்கும்போது அவன் உதடு அசையும், குரல் வராது. கேலியைவிட என்னை அதிகமாக வருத்தியது படத்தில் அந்த ஆந்தைக்குக் கொடுத்திருந்த முடிவு. கடைசியில் ஆபத்து வரும்போது அது துணிச்சல் பெற்றுத் திக்காமல் கடகடவென்று பேசிவிடுகிறது. எல்லா விலங்குகளும் கைதட்டுகின்றன. நல்ல எண்ணத்தோடு வைத்த காட்சிதான். ஆனால் திக்குவாய் என்பது பயந்தாங்கொள்ளித்தனம், தைரியம் வந்தால் போய்விடும் என்றுதானே எட்டு வயதுப் பையன் அதிலிருந்து எடுத்துக்கொள்வான்? தன்னால் ஏன் முடியவில்லை என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தால் அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

இதையெல்லாம் சொல்லும்போது, 'படத்துக்குத்தான் சென்சார் இருக்கிறதே' என்று சிலர் கேட்கிறார்கள். சான்றிதழ் என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, திரையரங்கில் வெளியாகும் ஒவ்வொரு படத்துக்கும் சான்றிதழ் தரப்படுகிறது. 'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். 1983 முதல் 'யுஏ' என்ற பிரிவும் இருந்துவருகிறது. 2023இல் சட்டத்தைத் திருத்தியபோது அதனை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். 'யுஏ 7+' என்றால், ஏழு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் அந்தப் படத்தைப் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டும் என்று பொருள். வீட்டில் பார்த்தால் தாயோ தந்தையோ பக்கத்தில் இருப்பார்கள். பயந்தால் மடியில் எடுத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்துக் கூடத்தில், கதவைச் சாத்திய அரையிருட்டில், ஐம்பது அறுபது பிள்ளைகளுக்கு நடுவே அந்த வழிகாட்டும் பெற்றோர் யார்? ஒன்றாம் வகுப்பில் முழுப் பேரும், இரண்டாம் வகுப்பில் பலரும் அந்த ஏழு வயதுக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, சுற்றுச்சுவர் எழுப்பினார்களா என்று நீங்கள் கேட்பதைப் போலவே, இந்தப் பிள்ளைகளுக்கு என்ன காட்டப் போகிறீர்கள் என்று கேட்கும் இடமும் உங்களுக்கு இருக்கிறது.

'யு' சான்றிதழ் பெற்ற படத்தில்கூட வேலை முடிந்துவிடுவதில்லை. அந்தச் சான்றிதழ் ஓர் அனுமதி. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கதை புரியுமா, ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார முடியுமா, எதைப் பார்த்து இரவில் அலறும் என்பதையெல்லாம் அது சொல்லாது. சான்றிதழ் வழங்குவதற்கான 1991ஆம் ஆண்டு நெறிமுறைகளில், இரட்டை அர்த்த வசனங்களையும் மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்வதையும் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது என்பது நல்ல செய்திதான். அதற்காக ஒவ்வொரு நகைச்சுவையும் நம் பிள்ளைகளுக்காகச் சலித்து எடுக்கப்பட்டுவிட்டது என்று இருந்துவிட முடியாது. ஓடிடி தளங்களில் வரும் படங்களுக்கு, 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, வெளியிடும் நிறுவனமே வயதுப் பிரிவைக் குறித்துக்கொள்கிறது. பென் டிரைவில் கைமாறி வரும் படத்திலோ சான்றிதழ் அட்டையே பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். எந்த வயதுக்கு உரியது என்று தெரியாமலேயே போட்டுவிடுகிறோம். அப்படி வரும் திருட்டுப் பிரதிகளைப் பள்ளிக்குள் விடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

தமிழ் வசனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலும் அங்கேதான் நாம் ஏமாந்துபோகிறோம். பேசும் விலங்குப் படங்களில் பெரும்பாலானவை வேறு மொழியில் எடுக்கப்பட்டு நம்மிடம் டப்பிங் செய்யப்பட்டு வருபவை. வாயசைவுக்கு ஏற்பத் தமிழில் எழுதும்போது, டிக்கெட் வாங்கிக் கொடுக்கும் பெரியவர்களையும் சிரிக்க வைக்க வேண்டும் என்று, மூலத்தில் இல்லாத சினிமா வசனங்களையும் வசவுகளையும் குடியைப் பற்றிய கிண்டல்களையும் சேர்த்துவிடுகிறார்கள். எங்கள் பள்ளியில் போட்ட படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புளித்த பழத்தைத் தின்றுவிட்டுக் கரடி தள்ளாடி வரும் காட்சியில், தமிழில் அது, "குவாட்டர் உள்ள போனாத்தான்டா குளிரு தாங்கும்" என்கிறது. பின்னாளில் அதே காட்சியை மூல மொழியில் எழுத்து வரியோடு தேடிப் பார்த்தேன். அங்கே கரடி தனக்கு வயிறு சரியில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. ஆகவே, இணையத்தில் மூலப் படத்துக்கு என்ன வயது போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். டப்பிங் செய்த படத்துக்குத் தனியாகச் சான்றிதழ் பெற வேண்டும் என்பதே, அது வேறு படம் என்பதற்குச் சாட்சி. குடியால் சாப்பாட்டுத் தட்டு எகிறும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்கள் அந்த வசனத்துக்குச் சிரித்தார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்து நண்பர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் கற்கும் பிள்ளைகள் நிறைய. படபடவென்று ஓடும் சினிமாத் தமிழில் பாதி அவர்களுக்குப் பிடிபடாது. படத்தைக் கண்ணால் மட்டுமே தொடர்வார்கள். வசனத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அடிப்பதும், தள்ளிவிடுவதும், மலையுச்சியிலிருந்து விழுந்தவன் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போவதும் மட்டுமே மிஞ்சுகிற படமாக இருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு நாம் காட்டியது அதைத்தான்.

நம் மாவட்டங்களுக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். காவிரி வடக்கு சரணாலயம் 2014இலும் காவிரி தெற்கு சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் நம் காடுகளை ஒட்டியவை. கேழ்வரகுக் கதிர் முற்றும் பருவத்தில்தான் கர்நாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இறங்குகின்றன. குழந்தைகள் தினமும் அதே நவம்பரில்தான் வருகிறது. இரவில் பரண்மேல் காவல் இருந்துவிட்டு வரும் தகப்பன்களின் பிள்ளைகளுக்கு, பகலில் நாம் யானைக்குட்டியின் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலாடும் சிறுவனைக் காட்டுகிறோம். காட்டோரப் பிள்ளைகளை இது அதிகம் ஏமாற்றாது. படத்தில் கரடி நாயைக் கட்டிப்பிடித்தபோது, இருளர் குடியிருப்பிலிருந்து வரும் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "கரடி அப்படிக் கிட்ட வராது டீச்சர், வந்தா மூஞ்சியத்தான் கிழிக்கும்" என்று சத்தமாகவே சொன்னான். அவன் அப்பன் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத, அதைவிடச் சின்னப் பிள்ளைகள்தான் என் கவலை. அந்த வாரமே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பள்ளி வாசலில் குட்டி போட்டிருந்த தெருநாயின் முகத்தோடு முகம் வைத்து, "உன் பேரு என்ன, சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன். நாய் உறுமிக்கொண்டிருந்தது. பிள்ளை அதைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் காப்பாற்றுவதற்கு வழி அநேகமாக இல்லை என்பதை நம் ஊர்களில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படம்தான் அவளை அங்கே கொண்டுபோனது என்று நான் சாதிக்கவில்லை. குழந்தைகள் படம் பார்க்காமலும் நாயோடு பேசுவார்கள். ஆனால் விலங்கு பேசும் படத்தைக் காட்டியவர்கள், குட்டி போட்ட நாயிடம் போகக் கூடாது, குரங்குக்குக் கையில் வைத்துத் தீனி நீட்டக் கூடாது, யானை நின்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று படம் முடிந்த கையோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். நாங்கள் பேசவில்லை.

இதைப் படிப்பவர்கள், நான் பேசும் விலங்குகளுக்கே எதிரி என்று எண்ணிவிடக் கூடாது. காக்காயும் நரியும் பேசாமல் நம் குழந்தைப் பருவம் ஏது? என் பாட்டி சொன்ன கதைகளில் ஆடு மாடு முதற்கொண்டு அம்மிக்கல்வரை எல்லாம் பேசும். ஆனால் பாட்டி என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வாள். புலி வரும் இடத்தில் நான் முந்தானைக்குள் ஒளிந்தால், அன்றைக்குப் புலிக்குப் பல் வலி வந்துவிடும். நான் தைரியமாக இருக்கும் நாளில் புலி ஆட்டைத் தின்றே தீரும். திரையில் ஓடும் படத்துக்குப் பிள்ளையின் முகம் தெரியாது. அதனால்தான் பாட்டி செய்த வேலையைப் படம் தொடங்குவதற்கு முன்பே யாராவது செய்துவைக்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் அதைச் செய்து பார்த்தோம். குழுத் தலைவராக இருக்கும் தாய், காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் இன்னொரு தாய், நான் என்று மூன்று பேர், மூன்று மாலைப் பொழுதுகளில், பள்ளி மடிக்கணினியில் மூன்று படங்களைப் பார்த்தோம். முதல் படத்தைப் பார்த்துவிட்டு மூவரும் நன்றாகத்தான் இருக்கிறது என்றோம். பிறகு கணினியின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்து, பத்து நிமிடம் வசனத்தை மட்டும் கேட்டோம். தடிமாடு, கரிச்சட்டி, பீப்பாய், மூளை இல்லாதவனே என்று வசவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. படத்தின் வண்ணத்தில் அவை எங்களுக்குக் கேட்காமல் போயிருந்தன. சமைக்கும் தாய், "கண்ணால பாக்கும்போது தெரியலைங்க டீச்சர், காதால கேட்டா ஊட்டுக்காரரு குடிச்சிட்டு வந்து பேசற மாதிரியே இருக்குது" என்றார். அந்தப் படத்தை ஒதுக்கினோம். நான் பல ஆண்டுகளாகப் படித்த பயிற்சிக் கையேடு எதிலும் இப்படிப் பத்து நிமிடம் காதால் கேட்டுப் பார்க்கும் யோசனையைக் கண்டதில்லை. செலவும் இல்லை, எந்தப் பள்ளியிலும் செய்யலாம்.

இரண்டாவது படத்தில் பன்றிக்குட்டி ஒன்று அடிக்கடி காற்று விட்டுக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லப் போனேன். "இதுல என்னங்க டீச்சர் இருக்குது, ஊட்டுல நடக்காததா" என்று தலைவர் கேட்டார். அவர் சொன்னது சரி. அந்தச் சிரிப்பு யாருடைய உடலையும் நிறத்தையும் பேச்சையும் தொடவில்லை. குழந்தைகளின் நகைச்சுவை நமக்கு அநாகரிகமாகத் தோன்றுவதாலேயே அதைத் தடுக்கும் வழக்கத்தை ஆசிரியர்கள் விட வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதைவிட, சிரிப்பு முடியும்போது யார் தலை குனிந்திருக்கும் என்று பார்ப்பது எனக்கு இப்போது பயனுள்ள அளவுகோலாக இருக்கிறது. அந்தப் படத்தை வேறு காரணத்துக்காகத்தான் விட்டுவிட்டோம்: நூறு நிமிடத்துக்கு மேல் ஓடியது.

மூன்றாவது படத்தைத் தேர்ந்தெடுத்தோம். எழுபது நிமிடம். அதிலும் ஒரு குட்டி தாயைத் தொலைக்கிறது. ஆனால் படத்துக்குள்ளேயே கண்டுபிடித்துவிடுகிறது. சோகமே இருக்கக் கூடாது என்று நாங்கள் கருதவில்லை. சோகத்தைத் தொடங்கிவைக்கும் படம் அதைப் பிள்ளைக்குப் புரியும்படி முடித்தும் வைக்கிறதா என்பதைத்தான் பார்த்தோம். மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஒரே மூச்சில் காட்டினோம். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனியாக, நடுவில் நிறுத்தி, வெளியே ஓடிவிட்டு வரவிட்டு, இரண்டு பகுதியாகக் காட்டினோம். அங்கன்வாடிப் பிள்ளைகளை அழைக்கவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது, வீட்டுக்குப் போனால் கைப்பேசி காத்திருக்கிறது. ஜன்னல்களில் ஒரு பக்கத்தைத் திறந்தே வைத்தோம். எழுந்து வெளியே போக விரும்பும் பிள்ளை போகலாம் என்று முன்பே சொன்னோம். நான்கு பேர் போய் வேப்பமரத்தடியில் விளையாடினார்கள், அதில் எந்தத் தவறும் இல்லை.

இன்னொன்றும் செய்தேன். படம் தொடங்குவதற்கு முன், "இந்தக் குட்டி நடுவுல அம்மாவைத் தொலைச்சிடும், ஆனா கடைசியில கண்டுபிடிச்சிடும்" என்று முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். கதை தெரிந்தால் சுவை போய்விடும் என்பது பெரியவர்களின் கணக்கு. சின்னப் பிள்ளைகள் ஒரே கதையை நூறு முறை கேட்பவர்கள். முடிவு தெரிந்திருந்தால்தான் நடுவில் வரும் பயத்தை அவர்களால் தாங்க முடிகிறது. லட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சிறுமி அப்போது மூன்றாம் வகுப்பு. பெரிய பிள்ளைகளோடு பார்த்து முடித்தவள், இரண்டாவது காட்சிக்கும் உள்ளே வந்து, குட்டி தனியாக நிற்கும் இடத்தில் பக்கத்தில் இருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் காதில், "அம்மா வரும், இப்ப வந்துரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகவே, இந்த நவம்பர் மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாகவே இதை எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓர் ஆசிரியரும், பெற்றோர் உறுப்பினர் இருவரும், அவர்களில் ஒருவராவது தாயாக, திரையிடுவதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்பு, காட்டப் போகும் அதே தமிழ்ப் பிரதியைத் தொடக்கம் முதல் முடிவுவரை பார்க்க வேண்டும். ஏழு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குத் தனியாக முடிவெடுக்க வேண்டும். பார்த்தவர்கள் சரியில்லை என்று சொன்னால், வேறு படம் கிடைக்காவிட்டாலும் அதைப் போடக் கூடாது. அன்று பிற்பகல் ஊரில் நன்றாகக் கதை சொல்லும் ஒரு பாட்டியை அழைத்து உட்கார வையுங்கள். பிள்ளைகளை மொத்தமாகத் திரையரங்குக்கு அழைத்துப் போகும் பள்ளிகளுக்கும் இதே வேண்டுகோள்தான். அங்கே இருட்டும் ஒலியும் அதிகம், நடுவில் நிறுத்தவும் முடியாது என்பதால் இன்னும் கூடுதலாகவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் பார்த்த படங்களைப் பற்றி, எந்த நிமிடத்தில் என்ன வருகிறது, எந்த இடத்தில் நிறுத்திப் பேச வேண்டும் என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றில் குறித்து வைத்திருக்கிறோம். பக்கத்துப் பள்ளிகள் கேட்டால் கொடுக்கிறோம். அவர்கள் பார்த்தவற்றையும் அதிலேயே எழுதித் தந்தால் நன்றாக இருக்கும். இந்த ஆண்டுக்கு இரண்டு படங்களைப் பார்த்து முடித்துவிட்டோம், ஒன்றை ஒதுக்கிவிட்டோம். மூன்றாவதை வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு எங்கள் பள்ளியில் பார்க்கிறோம். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் குழு உறுப்பினர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். பிள்ளைகளை மட்டும் அன்று வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பென்னாகரம் வட்டத்தில் பணிபுரியும்
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை